புல் சாயும் திசை

கோல்ஃப் பந்து கடைசியில் போய்ச் சேர வேண்டிய குழிக்கு விட்டம் 108 மில்லிமீட்டர். பழைய கணக்கில் நாலேகால் அங்குலம். குழியைச் சுற்றியுள்ள இடத்தை கிரீன் என்கிறார்கள். அங்கே புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்டக் கத்தரித்து வைத்திருப்பார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழியின் விளிம்பை உற்றுப் பார்த்தால், ஒரு பக்கம் வெட்டு சுத்தமாக இருக்கும். எதிர்ப்பக்கம் புல் காய்ந்து பழுப்பேறிப் பிசிறு தட்டியிருக்கும்.

"பிசிறு இருக்குற பக்கம்தான் புல்லு படுத்து வளருது தம்பி. பந்து அந்தப் பக்கமா உருண்டா ஓடும். எதுத்து வந்தா இழுத்துப் பிடிக்கும். இதைப் பாக்காம அடிச்சா எவ்வளவு பெரிய ஆட்டக்காரரா இருந்தாலும் பந்து ரெண்டு அடி தள்ளித்தான் நிக்கும்."

சொன்னவர் கேடி. ஆட்டக்காரரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் குழிகளும் கூடவே நடப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், தாம்பரம் கடப்பேரியில் குடியிருக்கிறார். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நந்தனம் மைதானத்தில் ஆடுகிறவர். அவருடைய விருந்தினராக உள்ளே போனதால்தான் இந்த மனிதரோடு நடக்க வாய்த்தது. நான் ஆட்டத்தைப் பார்க்கப் போகவில்லை. அந்த ஆட்டத்தை நடத்தித் தருகிறவர்களின் தொழிலைப் பார்க்கத்தான் போனேன்.

புல் சாயும் திசைக்கு இன்னோர் அடையாளமும் சொன்னார். நின்ற இடத்திலிருந்து குழியைப் பார்க்கும்போது புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால், அது நம்மைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. கரும்பச்சையாக மங்கித் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் போய் நின்று பார்க்கச் சொன்னார். ஒரே புல்தரை, நாலு எட்டு மாறி நின்றதும் நிறம் மாறிவிட்டது. நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும் பெர்முடா வகைப் புல்லில் இந்தச் சாய்வு அதிகம். அதற்கு மேல் நிலத்தின் சரிவு இருக்கிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத சரிவைப் பாதம் சொல்லிவிடும் என்கிறார். குழியைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் நடக்கிறார். எந்தக் காலில் பாரம் கூடுகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். சந்தேகமாக இருந்தால் தெற்கே கையைக் காட்டுகிறார். "எல்லாம் அடையாத்துப் பக்கம்தான் இழுக்கும். தண்ணி எங்க போகுமோ பந்தும் அங்க போகும்."

பொறியாளர் பந்தின் பின்னால் வந்து நின்றார். கேடி அண்ணன் குழிக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, தரைக்கு மேலே விரலை நீட்டிக் காட்டினார். விரல் புல்லில் படவில்லை. 2019இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளின்படி, பந்து போகும் தடத்தை மாற்றாதவரை கையால் தொட்டுக் காட்டலாம். அதற்கு முன்னால் தொடுவதே குற்றம். விதி தளர்ந்த பிறகும் இவர் தொடுவதில்லை. "பழகிடுச்சு. தொடாமலே காட்ட முடியும்போது எதுக்குத் தொடணும்?" காட்டிவிட்டு உடனே பக்கவாட்டில் விலகிவிட்டார். ஆட்டக்காரர் கால் ஊன்றத் தொடங்கிய பிறகு கேடி வேண்டுமென்றே பந்துக்குப் பின்னால், அதே நேர்கோட்டில் நிற்கக் கூடாது. நின்றால் தண்டனை ஆட்டக்காரருக்கு, அடிக் கணக்கில் இரண்டு கூடும். இதுவும் 2019இல் வந்ததுதான்.

கோல்ஃப் விதிப் புத்தகத்தில் என்னை மிகவும் பாதித்த விஷயம் இது. கேடி செய்யும் தவறுக்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியின் இறுதிநாளில் வேல்ஸ் வீரர் இயன் வூஸ்னம் முன்னணியில் இருந்தவர்களோடு சமமாக நின்றபோது, அவர் பையில் பதினைந்தாவது மட்டை இருப்பது தெரியவந்தது. பதினாலுக்கு மேல் இருக்கக் கூடாது. பயிற்சிக்கு எடுத்த கூடுதல் டிரைவர் மட்டையை கேடி பையிலேயே விட்டுவிட்டார். இரண்டு அடி தண்டனை, பட்டம் கைநழுவியது. இந்தக் கதை அண்ணனுக்கும் தெரியும். ஊரும் பேரும் ஆண்டும் தெரியாது, சம்பவம் மட்டும் துல்லியமாகத் தெரியும். டீ எனப்படும், ஆட்டம் தொடங்கும் இடத்தில் பையை இறக்கியதும் மட்டைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். எண்ணி முடித்த பிறகுதான் யாரிடமும் பேச்சு.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்த வழி தென்சென்னைப் புறநகரில் பலரும் வந்த வழிதான். ராணுவ, விமானப்படை வளாகங்களுக்குள் கோல்ஃப் மைதானம் இருப்பது நாடு முழுக்க வழக்கம். அப்படி ஒரு வளாகத்தில் வேலிக்கு வெளியே விழும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கும் பையனாக ஆரம்பித்தார். அப்போது அங்கே கிரீன் கிடையாது. தண்ணீர் குறைந்த இடங்களில் புல்லுக்குப் பதிலாக மணலில் எண்ணெய் கலந்து பரப்பி வைப்பார்கள். பிரவுன் என்று பெயர். ஒவ்வொரு குழுவும் ஆடிவிட்டுப் போனதும் காலடித் தடத்தை இழுத்துச் சமன் செய்வது பையன்கள் வேலை. எண்ணெய் மணலில் பந்து நேராகத்தான் ஓடும். சாய்வு பார்க்கும் வித்தையெல்லாம் நகரத்து மைதானங்களுக்கு வந்த பிறகு, மூத்த கேடிகளின் பின்னால் நடந்து கற்றுக்கொண்டது. எழுதி வைத்த பாடம் எதுவுமில்லை. விதிகளையும் அப்படித்தான் கற்றார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் கேடி ஷெட்டில் உட்கார்ந்து சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால், யாருக்கு எந்த ஆட்டம் என்று பிரித்துக் கொடுக்கும் கேடி மாஸ்டரிடம் கேட்பார்கள்.

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடப்பது அவர் வழக்கம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்புறநகர் மனிதர்களை நகரத்தின் வேலைகளுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும் தடம் அது. விடியுமுன் வண்டியில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாட்ச்மேன்கள், ஓட்டல் மாஸ்டர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பூக்கூடையோடு பெண்கள் ஏறுகிறார்கள். கேடிகளும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். முன்பு அவர்களில் பலர் மைதானத்தை ஒட்டியே இருந்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அதில் கேடி வீடுகளும் உண்டு என்றார். நடந்து வந்த வேலைக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. முதல் ஆட்டம் விடிந்ததும் தொடங்கிவிடும். பஸ் தாமதமானால் அன்றைய வரிசையில் பெயர் கீழே போய்விடும். வரிசையில் கீழே போனால் சில நாள் ஆட்டமே கிடைக்காது.

சம்பளம் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேடி எந்த கிளப்பின் ஊழியரும் அல்ல என்றுதான் பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு. ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம், அதற்கு மேல் ஆட்டக்காரர் கொடுக்கும் டிப்ஸ். அனுபவத்தைப் பார்த்து ஏ, பி என்று தரம் பிரித்திருப்பார்கள். மழை பெய்தால் வருமானம் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரே நாளில் எல்லாம் நின்றுபோனது. "சில மெம்பருங்க வீட்டுக்கே பணம் அனுப்பினாங்க. அதை மறக்க மாட்டேன். ஆனா அனுப்பாதவங்களைக் கேக்க எனக்கு உரிமை இல்லையே" என்றார்.

அந்தக் காலையில் நான் பார்த்த வேலையின் அளவு வெளியிலிருந்து தெரியாது. தோளில் பத்துப் பன்னிரண்டு கிலோ. நடை ஏழெட்டுக் கிலோமீட்டர். அதோடு ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு கணக்கு. பந்து கிடக்கும் இடத்திலிருந்து கிரீன் எத்தனை கஜம்? மரங்களையும் பாதைத் திருப்பங்களையும் வைத்துச் சொல்கிறார். பொறியாளரிடம் லேசர் கருவி இருந்தது. அண்ணன் 145 என்றார், கருவி 147 காட்டியது. கருவி காற்றைச் சொல்லாது. சென்னையில் கோடைக் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று. பத்துப் பதினோரு மணிக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். அது தரையில் தெரிவதற்கு முன்னால் தென்னை உச்சியில் தெரியும். காலையில் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையால் அடித்த அதே இடத்தை மதியம் ஆறாம் நம்பரால் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்தால் கணக்கே வேறு. "மட்டையை நான் எடுத்து நீட்டுவேன். வேண்டாம்னு அவர் வேற எடுத்தா எடுத்துக்கலாம். பந்து குறைஞ்சு விழுந்தா நான் எதுவும் சொல்ல மாட்டேன். அடுத்த குழில அவரே என் கையைப் பாப்பாரு."

பந்து காணாமல் போனால் தேட முன்பெல்லாம் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். 2019 முதல் மூன்று நிமிடம்தான். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆட்டக்காரரோ அவருடைய கேடியோ, யார் முதலில் தேடத் தொடங்குகிறாரோ அப்போதே நேரம் ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே கேடி ஆர்வக்கோளாறில் முன்னால் ஓடிப் புதரைக் கிளறக் கூடாது. பந்து விழுந்த இடத்துக்கு நேராக ஒரு மரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர் வரும்வரை அந்த மரத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல் நடந்து போக வேண்டும். அன்று ஒரு பந்து வலப்பக்கப் புதருக்குள் போனது. அண்ணன் யாரோடும் பேசவில்லை, என் கேள்விக்கும் பதில் இல்லை. நேரே நடந்தார், நின்றார், மற்றவர் வந்ததும் குனிந்து இலைகளை விலக்கினார். பந்து அங்கேதான் இருந்தது. இதற்கு எந்த மேடையிலும் கைதட்டு கிடையாது. எனக்கு மெய்யாகவே உடம்பு சிலிர்த்தது.

ஒழுங்குமுறை என்று கோல்ஃபில் பெரிதாகப் பேசுகிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் பதின்மூன்று விதிகளாக எழுதப்பட்ட ஆட்டம் இன்று பெரிய சட்டப் புத்தகமாகிவிட்டது. இருந்தும் சாதாரண ஆட்டத்தில் நடுவர் என்று ஒருவர் கூட வருவதில்லை. தன் தவறைத் தானே சொல்லித் தன் அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் அடிக்கும்போது பேசக் கூடாது, அசையக் கூடாது. அவர் பந்து உருளப்போகும் தடத்தில் கால் வைக்கக் கூடாது. பெயர்ந்த புல்கட்டியைத் திரும்ப வைத்து மிதிக்க வேண்டும், அல்லது மணல் நிரப்ப வேண்டும். பங்கர் எனும் மணல் பள்ளத்தில் ஆடினால் தடத்தைக் கலைத்துச் சமன்படுத்தி வர வேண்டும். கிரீனில் பந்து விழுந்து ஏற்பட்ட சிறு குழிவைச் சரிசெய்ய வேண்டும். பந்து ஆளை நோக்கிப் போனால் "ஃபோர்" என்று உரக்கக் கத்த வேண்டும்.

இவற்றில் கையால் செய்ய வேண்டியவை அத்தனையையும் நான் பார்த்தவரை செய்தவர்கள் கேடிகள். பங்கரில் வாரி இழுத்தது கேடி. மணல் பையைத் தூக்கி வந்து புல்வெட்டை நிரப்பியது கேடி. வாய் திறக்காமல் நின்றதிலும் அவர்களே முன்னால். கிரீனில் எங்கே நிற்பதென்று முடிவு செய்யுமுன் அண்ணன் தன் நிழலைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். காலை வெயிலில் நிழல் நீளம். அது குழியின் மேல் விழுந்தால் ஆட்டக்காரரின் கண்ணை உறுத்தும். நிழலைப் பார்த்து நிற்கும் இந்தப் பழக்கத்தை ஆட்டக்காரர் எவரிடமும் இவ்வளவு நேர்த்தியாக நான் காணவில்லை. ஆட்டத்தின் நாகரிகம் என்று சொல்லப்படுவது ஏட்டில் ஆட்டக்காரருடைய கடமை. மைதானத்தில் அது கேடியின் உழைப்பு. அந்த உழைப்புக்கு அந்தப் பெயரும் மரியாதையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நேர்மை விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு மைதானத்தில் நடந்ததாக அண்ணன் சொன்னார். ஆட்டக்காரர் ஒருவரின் பந்து மர வேரில் ஒட்டிக் கிடந்தது. கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் முதல் விதி. அவர் ஷூ நுனியால் லேசாகத் தள்ளிவிட்டார். பார்த்தது கேடி மட்டும்.

"நான் பாத்தேன்னு அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"என்ன அண்ணே செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? மட்டையைக் குடுத்தேன். ஆட்டம் முடிஞ்சுது. வழக்கத்தைவிட அதிகமா டிப்ஸ் குடுத்தாரு. அதுதான் எனக்கு உறுத்துச்சு. மறுநாள் கேடி மாஸ்டர்கிட்ட, அவரோட என்னைப் போடாதீங்கன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டாரு. சொல்லலை."

நல்ல வருமானம் தரும் ஆட்டக்காரர் ஒருவரை அப்படி இழந்தார். விதிப் புத்தகம் நேர்மையை ஆட்டக்காரரின் மனசாட்சியிடம் ஒப்படைக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஒரே சாட்சி அன்றைய கூலிக்கு அவரையே நம்பியிருப்பவர் என்பது புத்தகத்தில் இல்லை. வாய் திறக்க முடியாத நிலையிலும் தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்துக்கொண்ட இந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேடிகளைப் போலவே கண்ணில் படாதவர்கள் புல்தரைக்காரர்கள். மைதானத்தில் மாலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய முதல் சுற்று வேலை முடியும் தறுவாயில் இருந்தது. கிரீன் வெட்டும் இயந்திரம் ஒரு வரிசை போகும், அடுத்த வரிசை திரும்பி வரும். பனித்துளி துடைக்கப்பட்ட தடம் மாறி மாறித் தெரிகிறது. ஒருவர் உருளை வடிவ வெட்டுக் கருவியோடு வந்தார். கிரீனில் புதிய இடம் ஒன்றைத் தேர்ந்து, கருவியை நெட்டாகப் பிடித்துத் திருகித் திருகி அழுத்தினார். மண்ணும் புல்லும் சேர்ந்த உருளைக் கட்டி முழுசாக மேலே வந்தது. அதைக் கொண்டுபோய் நேற்றைய குழியில் இறக்கி, விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கி, தண்ணீர் தெளித்தார். ஒரே இடத்தில் குழி இருந்தால் சுற்றிலும் மிதிபட்டு புல் செத்துவிடும், அதனால் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி அரை விரற்கடை மேலே நின்றாலும் வெட்டும் இயந்திரம் அதை மொட்டையடித்துவிடும், தாழ்ந்தால் பந்து குதிக்கும். உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே எழுந்தார். சற்றுத் தள்ளிப் பெண்கள் நால்வர் வாளியில் மணலோடு ஃபேர்வே எனும் ஆட்டப் பாதையில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் ஆட்டத்தின் வெட்டுக் காயங்களை நிரப்புகிற வேலை.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நகரம் முழுக்க மரங்கள் விழுந்தன. அதைப் பற்றிப் பேசும்போது அந்த மாலியின் குரல் மாறிவிட்டது. மரத்தைத் தூக்கி எடுத்தது பெரிய விஷயமில்லை, அதன் நிழலில் வளர்ந்த புல்லை வெயிலுக்குப் பழக்கியதுதான் கஷ்டம் என்றார். அண்ணன் குறுக்கிட்டு, "எங்களுக்கு அடையாள மரமே போயிடுச்சு. 150 கஜம் எங்கன்னு மறுபடி காலால அளந்தோம்" என்றார்.

இந்த வேலையிலிருந்து பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபனை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவர். 1993இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை எடுத்தார். பிரிட்டனுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கிளப் என்று சொல்லப்படும், 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரைப் பராமரிப்பாளராக இருந்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றார். முனியப்பாவின் பெயரைச் சொன்னதும் கேடி ஷெட்டில் இருந்த நாலைந்து பேரும் நிமிர்ந்தார்கள். அவர் மட்டையைப் பிடிக்கும் விதத்தை ஒருவர் எழுந்து நின்று செய்து காட்டினார். பல கிளப்புகளில் பராமரிப்புக்காக மூடும் திங்கட்கிழமையில் கேடிகளை ஆடவிடும் வழக்கம் உண்டு. அந்த ஒரு நாள்தான் இவர்களுக்குப் பள்ளிக்கூடம். மெம்பர்கள் கழித்துப் போட்ட மட்டை, புதரில் கிடைத்த பந்து. அதை வைத்துக்கொண்டு நாட்டின் பட்டத்தை எடுக்க முடிந்திருக்கிறது என்றால், ஒழுங்கான பயிற்சி கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

கிண்டியைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் கிண்டி குதிரைப் பந்தயத் தடத்துக்குள்ளேதான் இருந்தது. அந்த 160.86 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகையாக ரேஸ் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகைப் பாக்கியாக 730 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொல்லி 2023இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள், மக்களுக்குப் பூங்கா என்று திட்டம்.

நான் தாம்பரத்துக்காரன். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு போனதைப் பார்த்தவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மூழ்கிக் கிடந்ததும் கண்ணில் இருக்கிறது. கிண்டியில் குளம் வெட்டுவது வேளச்சேரிக்கு உதவும் என்றால் வெட்டத்தான் வேண்டும். மாநகரத்தின் நடுவில் இத்தனை ஏக்கர் நிலம் சில ஆயிரம் பேருக்கு மட்டும் திறந்திருந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அரசும் ரேஸ் கிளப்பும் நீதிமன்றத்தில் நின்று நிலம் யாருடையது என்று வாதாடியபோது, அந்த நிலத்தில் தினமும் நடந்த கேடிகளும் மாலிகளும் எந்தத் தரப்பிலும் இல்லை. குத்தகைப் பத்திரத்தில் அவர்கள் பெயர் கிடையாது, சம்பளப் பட்டியலில் கேடியின் பெயர் கிடையாது. பட்டியலில் இல்லாதவருக்கு இழப்பீடு என்று எதைக் கணக்கிடுவது?

அண்ணனின் மச்சான் கிண்டியில் கேடியாக இருந்தவர். திரும்பும் வழியில் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் எங்களோடு ஏறினார். இப்போது அடுக்குமாடி வளாகம் ஒன்றில் தோட்ட வேலை, மாதச் சம்பளம். வருமானம் முன்பைவிடக் குறைவு, ஆனால் தேதி தப்பாமல் வருகிறது என்றார்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், சலவைத் தொழிலாளர் என்று அமைப்புசாராத் தொழில்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982லேயே சட்டம் வந்துவிட்டது. கேடிகளும் நல வாரிய அட்டையோடு நடக்க வேண்டும். ஒவ்வொரு கிளப்பும் தன் மைதானத்தில் பை தூக்குகிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, காப்பீடு எடுக்க வேண்டும். 45 கிராம் பந்துதான் என்றாலும் அது வரும் வேகத்தில் நெற்றியில் பட்டால் உயிர் போகும். அண்ணனின் இடது முழங்கை இன்றும் முழுசாக நீளாது, "ஃபோர்" சத்தம் கேட்டுத் தலையை மறைத்த கை அது. வைத்தியச் செலவை அன்று ஆட்டக்காரரே கொடுத்தார். மூன்று மாதம் வேலைக்குப் போகாததற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

கிண்டியில் பூங்கா வந்தால் உங்களைக் கூப்பிடுவார்களா என்று மச்சானிடம் கேட்டேன். அவர் பூங்காவைப் பற்றிப் பேசாமல் மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். குளத்துக்குத் தோண்டிய களிமண்ணை மேலே பரப்பினால் மழையில் தண்ணீர் இறங்காது, புல் வேர் அழுகும். ஆற்று மணல் கலந்து, முதல் ஆடியில் நட்டு, கார்த்திகைக்குள் வேர் பிடிக்கவிட வேண்டும். மைதானத்தின் வடக்கு மூலையில் எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காது, தெற்கே ஒரு பள்ளத்தில் நாலு நாள் நிற்கும். நடைபாதையை அந்தப் பள்ளத்தில் போட்டுவிடக் கூடாது. குரோம்பேட்டை தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"யாராச்சும் வந்து கேட்டா சொல்லுவோம் தம்பி. எங்க எங்க ஈரம் நிக்கும்னு இருட்டுல கூடச் சொல்லுவேன்" என்றார். சானடோரியத்தில் இருவரும் இறங்கினார்கள்.